குழந்தைக்கு பாதம் சப்பையா இருக்கு, இப்பவே ஏதாவது செஞ்சா தடுக்கலாமா?

தூக்கம்_தொலைச்ச_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கோங்க. பொண்ணுக்கு 4 வயசு 3 மாசம். போன வாரம் குளிச்சிட்டு துண்டைச் சுத்திக்கிட்டு ஈரக்காலோட தரையில ஓடினா, பின்னாடியே துடைக்கப் போன நான் அந்தக் கால் தடத்தைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். நடுவுல உள்பக்கம் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும்ல, இவளுக்கு அது இல்லவே இல்ல, செங்கலை பதிச்ச மாதிரி முழுசா ஒரே அச்சு. நிக்க வச்சுப் பார்த்தா உள்ளங்கால் மொத்தமும் தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, கணுக்கால் ரெண்டும் உள்பக்கமா சரிஞ்சு நிக்குது.

ஷூ எடுக்கப் போனப்ப கடையில இருந்தவரும் காலைப் பார்த்துட்டு, இப்பவே ஆர்ச் (உள்ளங்கால் வளைவைத் தாங்குற மேடு) வச்ச ஷூ போடலன்னா பெருசானதும் முட்டி வலி முதுகு வலி எல்லாம் வரும்னு சொல்லிட்டாரு. அன்னையிலிருந்து தூக்கம் போச்சு. வீட்டுக்காரருக்கும் தட்டைப் பாதம்தான், ஆனா அவர் எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு சிரிச்சிட்டு போயிடறாரு. மாமியார் ஒருபக்கம், எங்க வம்சத்துலயே கிடையாது, சின்னப் பையனுக்கு நீ நடைவண்டி சீக்கிரம் குடுத்த மாதிரி உன் புருஷனுக்கு நானும் யாரோ சொன்னாங்கன்னு குடுத்தேன், அதான் அவனுக்கு வந்துச்சுன்னு ஒரு கதை.

என் கேள்வி இதுதான். ஒண்ணு, இவளுக்கு இப்ப ஷூ, சோல் ஏதாவது போட்டா சரியாகுமா. ரெண்டு, சின்னவன் இருக்கான் 10 மாசம், அவன் பாதமும் பொம்மை பாதம் மாதிரி கொழுகொழுன்னு சப்பையாத்தான் இருக்கு, அவனுக்கு வராமலே தடுக்க என்ன செய்யணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நடராஜா_சர்வீஸ்:

சிஸ்டர், 10 மாசக் குழந்தை பாதம் சப்பையா இல்லாம வேற எப்படி இருக்கும் 😀 என் பையனுக்கும் 4 வயசுல இதேதான், இப்ப 10 ஆகுது, நாங்க ஒண்ணுமே பண்ணல, பிடிக்க முடியாம ஓடுறான். கவலைப்படாதீங்க.

மூணுபுள்ள_அப்பா:

ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்றவங்க பேச்சை கேட்காதீங்கம்மா. என் மூத்தவனுக்கு 3 வயசுல இதே பிரச்சினை, டாக்டர் எழுதிக்குடுத்த ஆர்ச் வச்ச பூட்ஸ், கணுக்காலுக்கு மேல வரைக்கும் லேஸ் கட்டுற மாதிரி, ரெண்டரை வருஷம் போட்டோம். காலையில அதை மாட்டி விடறதுக்குள்ள அவன் ஒருபக்கம் அழுவான், நான் ஒருபக்கம் வேர்த்து ஊத்துவேன், வெயில் காலத்துல கழட்டினா கால் ஊறிப்போய் வெள்ளையா இருக்கும், குதிகால்ல கொப்புளம் வேற. ஆனா விடல. 6 வயசுல பார்த்தா அழகா வளைவு வந்துடுச்சு. கஷ்டப்பட்டாதான் பலன். சின்ன வயசுல எலும்பு பச்சை மண்ணு மாதிரி, அப்பவே வளைச்சுடணும்.

கெண்டைக்கால்_பிசியோ:

நான் பிசியோதெரபிஸ்ட், குழந்தைங்களோடதான் வேலை, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். நேர்ல பார்க்காம உங்க பொண்ணு காலைப் பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனா நீங்களே வீட்டுல பார்க்கக்கூடியது நிறைய இருக்கு.

முதல்ல ஏன் சப்பையா தெரியுதுன்னு. கைக்குழந்தைக்கு உள்ளங்கால் நடுவுல ஒரு கொழுப்புத் திண்டு இருக்கும், அது பள்ளத்தை மூடிடும், அதான் அந்த பொம்மை பாதம். அது போக அந்த வயசுல மூட்டு நாரெல்லாம் ரப்பர் மாதிரி தளர்வா இருக்கும், எழுந்து நின்னு உடம்பு வெயிட் இறங்கினதும் வளைவு அமுங்கிடும், குதிகால் வெளிப்பக்கம் சாயும், கணுக்கால் உள்ள விழும். எலும்பும் இன்னும் முழுசா எலும்பா ஆகியிருக்காது, வளைவோட உச்சியில உட்கார்ந்திருக்கிற நாவிகுலர்ங்கிற எலும்பு பல குழந்தைங்களுக்கு 2, 3 வயசு வரைக்கும் வெறும் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேல தெரியக்கூட செய்யாது. அப்புறம் கொழுப்பு கரையும், நார் இறுகும், தசைக்கு வலு வரும், வளைவு தானா எழும்பும். இது ஒரே நாள்ல நடக்கிறது இல்ல, 3 வயசுலிருந்து 8, 10 வயசு வரைக்கும் மெதுவா நடக்கிற சமாச்சாரம்.

நம்பர் வேணும்னா, ஆஸ்திரியாவுல 3 முதல் 6 வயசு வரைக்கும் 835 பிள்ளைங்க காலை ஸ்கேன் பண்ணி 2006ல ஒரு ஆய்வு போட்டாங்க. 3 வயசுல 54 சதவீதம் பேருக்கு தட்டைப் பாதம், 6 வயசுல அது 24 சதவீதமா குறைஞ்சிருக்கு. நிஜமாவே கோளாறுன்னு சொல்ற மாதிரி இருந்தது 1 சதவீதத்துக்கும் கம்மி. அதே பிள்ளைங்கள்ல 10ல் ஒருத்தர் ஆர்ச் சோல் போட்டுட்டு இருந்தாங்கங்கிறதுதான் வேடிக்கை. 4 வயசுல உங்க பொண்ணு பாதிக் கூட்டத்துல ஒருத்தி, அவ்வளவுதான்.

இப்ப மூணுபுள்ள அப்பா சார் சொன்னது. சார், நீங்க பட்ட கஷ்டம் பொய்யில்ல, ஆனா வளைவு பூட்ஸால வந்துச்சா இல்ல அந்த ரெண்டரை வருஷத்துல அவன் வளர்ந்ததால வந்துச்சான்னு ஒரே பையனை வச்சு எப்படி தெரியும்? இதைத்தான் அமெரிக்காவுல 1989ல சோதிச்சாங்க. 1 முதல் 6 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களை பிரிச்சு சிலருக்கு திருத்துற ஷூ, சிலருக்கு குதிகால் கப், சிலருக்கு அச்சு எடுத்து செஞ்ச சோல், சிலருக்கு ஒண்ணுமே கிடையாது, 3 வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா எல்லா குரூப்லயும் முன்னேற்றம், ஒண்ணுமே போடாதவங்களுக்கும் அதே அளவு. 2022ல மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கிற காக்ரேன் குழு இந்த விஷயத்துல நடந்த 16 ஆய்வை சேர்த்துப் பார்த்தப்பவும், வலி இல்லாத குழந்தைக்கு அளவெடுத்து செய்யிற விலை ஜாஸ்தி சோல் வாங்க காரணமே இல்லங்கிற மாதிரிதான் முடிஞ்சது. பச்சை மண்ணு உதாரணம் கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பாதம் அப்படி வளையிறது இல்ல.

வீட்டுல பார்க்க வேண்டியது, பொண்ணை செருப்பில்லாம நிக்க வச்சு நீங்க பின்னாடி தரையில உட்கார்ந்துக்கோங்க. எட்டாத உயரத்துல ஏதாவது பொம்மையைக் காட்டி நுனிக்கால்ல எக்கச் சொல்லுங்க. எக்கும்போது உள்ளங்கால்ல பள்ளம் வரணும், வெளிப்பக்கம் சாஞ்சிருந்த குதிகால் உள்பக்கமா திரும்பணும், ரெண்டு காலும் ஒரே மாதிரி. அப்படி வந்தா அது வளையிற பாதம், பயமில்லாத வகை. எக்க வரலன்னா நிக்கிறப்பவே பெருவிரலை மட்டும் கையால மேல தூக்கிப் பாருங்க, அடியில வளைவு எழும்பும். இன்னொண்ணு முக்கியம், பலரும் விட்டுடுவாங்க, படுக்க வச்சு முட்டியை நீட்டி பாதத்தை முகத்தைப் பார்த்து மேல தள்ளுங்க, 90 டிகிரியைத் தாண்டி கொஞ்சம் போகணும். கெண்டைக்கால் தசையும் குதிகால் நாரும் இறுக்கமா இருந்தா போகாது, அந்த மாதிரி சப்பைப் பாதம்தான் பின்னாடி வலி குடுக்கும். கனடா ராணுவத்துல 1940கள்ல ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்க காலை ஆராய்ஞ்ச ஹாரிஸும் பீத்தும் அப்பவே கண்டுபிடிச்சது இதுதான், வெறும் தட்டைப் பாதம் யாரையும் முடக்கல, குதிகால் நாரும் சேர்ந்து இறுகினவங்களுக்குத்தான் தொந்தரவு.

இதுல எதுவும் சரியா வரலன்னா, இல்ல வலி, ஒரு கால் மட்டும் சப்பை, நொண்டல், அடிக்கடி கணுக்கால் பிசகுறது, முன்னாடி நல்லா இருந்த வளைவு திடீர்னு விழுறது, இதெல்லாம் இருந்தா எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. சின்னவன் பத்தி அப்புறம் எழுதறேன், பேஷண்ட் வந்துட்டாங்க.

ஈரத்துணி:

மேல சொன்ன கடைசி பாராவை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. என் அனுபவம் வேற மாதிரி அதான் சொல்றேன். பையனுக்கு 11 வயசுல வலது கால் மட்டும் சப்பையாக ஆரம்பிச்சது, விளையாடிட்டு வந்தா கணுக்காலுக்கு கீழ வெளிப்பக்கம் வலிக்குதும்பான், மேடு பள்ளத்துல நடந்தா உடனே கால் பிசகிடும், ஒரே வருஷத்துல நாலு தடவை. காட்டின இடத்துல காலை தூக்கிக்கூட பார்க்கல, தட்டைப் பாதம், வளர்ந்தா சரியாகிடும், போங்கன்னு அனுப்பிட்டாங்க. நானும் நம்பி எட்டு மாசம் போக்கிட்டேன், அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. வேற ஒருத்தர்கிட்ட போனப்ப அவர் குதிகாலை கையில பிடிச்சு வலமும் இடமும் ஆட்டிப் பார்த்தாரு, இடது கால் அசையுது வலது கால் பூட்டு போட்ட மாதிரி நிக்குது, நானே கண்ணால பார்த்தேன். நுனிக்கால்ல நிக்கச் சொன்னா அந்தக் கால்ல மட்டும் குதிகால் திரும்பவே இல்ல. சாய்வா ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க, பாதத்துல தனித்தனியா இருக்க வேண்டிய ரெண்டு எலும்பு நடுவுல பாலம் மாதிரி ஒட்டியிருக்கு. டார்சல் கோயலிஷன்னு பேரு, பிறக்கும்போதே இருக்குமாம், குருத்தெலும்பா இருக்கிற வரைக்கும் தெரியாது, 8 வயசுக்கு மேல அது எலும்பா இறுகும்போதுதான் வலி காட்டுமாம். முதல்ல 6 வாரம் கட்டு போட்டாங்க, வலி திரும்ப வந்ததால ஆபரேஷன், பாலத்தை எடுத்துட்டு திரும்ப ஒட்டிக்காம இருக்க நடுவுல கொஞ்சம் கொழுப்பை வச்சாங்க. இப்ப நல்லா இருக்கான்.

பயமுறுத்த சொல்லல சிஸ்டர், உங்க பொண்ணு வயசும் வேற கதையும் வேற. ஆனா "தானா சரியாகும்"ங்கிறதை காலைத் தொட்டுப் பார்த்துட்டு சொல்லணும்.

கெண்டைக்கால்_பிசியோ:

ஈரத்துணி அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. இறுகிப்போன தட்டைப் பாதம்னா அது வேற நோய், வயசு பார்த்து விட்டுடக்கூடாது.

இப்ப 10 மாசக்காரன். உண்மையைச் சொன்னா தடுக்கறதுங்கிற வார்த்தையே இங்க அவ்வளவா பொருந்தாது. அப்பாகிட்ட இருந்து வர்ற தளர்வான நாரை யாரும் தடுக்க முடியாது. வளைவு தானா வர்றதுக்கு இடைஞ்சல் பண்ணாம இருக்கிறதுதான் நம்ம வேலை. நடக்க ஆரம்பிக்கும்போது வீட்டுக்குள்ள வெறுங்கால்ல விடுங்க, ஷூ மாட்டி நிக்கப் பழக்கவே வேணாம், ஷூ எதுக்குன்னா வெளியில குத்தாம இருக்கத்தான். உங்க மாமியார் நடைவண்டியால வரும்னு சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது, ஆனா குழந்தையை நடுவுல உட்கார வச்சு உருளுற வாக்கர் வேற காரணத்துக்காகவே வேணாம், படியில உருண்டு விழுந்து மண்டை உடையிறது அதுலதான், நடக்கிறதும் தள்ளிப்போகும், கனடாவுல 2004லயே விக்கத் தடை போட்டுட்டாங்க.

வெறுங்கால் பத்தி இந்தியாவுலயே ஒரு ஆய்வு இருக்கு, 1992ல வந்தது, 4 முதல் 13 வயசு வரைக்கும் 2300 பிள்ளைங்க கால் தடத்தை எடுத்துப் பார்த்ததுல ஷூ போடுறவங்கள்ல 8.6 சதவீதம், போடாதவங்கள்ல 2.8 சதவீதம் தட்டைப் பாதம். மூடின ஷூ போடறவங்களுக்குத்தான் ஜாஸ்தி, திறந்த செருப்புக்கு கம்மி. ஷூதான் காரணம்னு அடிச்சு சொல்ல இது மட்டும் போதாது, ஆனா கால் விரல் பரவி வேலை செய்ய இடம் குடுக்கிறது நல்லதுன்னு எனக்குத் தோணுது.

பெரியவளுக்கு ஷூ வாங்கும்போது ஆர்ச் இருக்கான்னு பார்க்காதீங்க. ரெண்டு கையால பிடிச்சு மடக்குங்க, விரல் மடங்குற இடத்துல மடங்கணும், நடுவுல ரெண்டா மடியக்கூடாது. நிக்க வச்சு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கா பாருங்க, சாயங்காலமா போங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி நிஜ அளவு தெரியும். உடம்பு வெயிட் ஜாஸ்தியான பிள்ளைங்களுக்கு தட்டைப் பாதம் கூடுதலா பார்க்கிறோம், அதை மட்டும் கவனிச்சுக்கோங்க. தரையில கிடக்கிற துணியை கால்விரலால எடுக்கிறது, நுனிக்கால்ல நடக்கிறது, ஏறி இறங்குறது எல்லாம் விளையாட்டா செய்யட்டும், தசைக்கு வலு. அதனால எலும்பு வளையும்னு சொல்லி நான் ஏமாத்த மாட்டேன்.

மூணுபுள்ள_அப்பா:

பிசியோ மேடம், படிச்சிட்டு கொஞ்ச நேரம் கோபமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன், ரெண்டாவதுக்கும் சப்பையாத்தான் இருந்துச்சு, அவ பூட்ஸைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா, ஒரு மாசத்துல விட்டுட்டோம். மூணாவதுக்கு வாங்கவே இல்ல, அண்ணன் பூட்ஸை போட்டுக்கலாம்னு எடுத்து வச்சது அப்படியே அட்டைப்பெட்டியில கிடக்கு. இன்னைக்கு மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சு எக்கச் சொன்னேன். மூணும் ஒரே மாதிரி இருக்கு. சொல்லப்போனா ரெண்டாவதுக்குத்தான் வளைவு நல்லா இருக்கு. பெரியவன், அப்போ நான் எதுக்குப்பா அதை போட்டேன்னு கேக்கறான், என்ன பதில் சொல்றது.

நடராஜா_சர்வீஸ்:

சார் அந்த அட்டைப்பெட்டியை பத்திரமா வைங்க, அவன் கல்யாணத்துல குடுக்கலாம் 😂

தூக்கம்_தொலைச்ச_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து செஞ்சு பார்த்தேன். பீரோ மேல அவ கரடி பொம்மையை வச்சிட்டு எடுடான்னு சொல்லிட்டு பின்னாடி குனிஞ்சு உட்கார்ந்தேன், ரெண்டு கையையும் பீரோ கதவுல ஊன்றிக்கிட்டு எக்கினா, எக்கின உடனே பள்ளம்! நிழல் விழற மாதிரி அவ்வளவு தெளிவா. குதிகாலும் ரெண்டும் உள்ள திரும்புச்சு. இறங்கினா மறுபடி சப்பை. பத்து தடவை எக்க வச்சிருப்பேன், பாவம் கரடி வேணாம் போன்னு போயிட்டா. பாதத்தை மேல தள்ளினாலும் லேசா போகுது. கட்டைவிரல் மணிக்கட்டு வரைக்கும் மடங்குது, அவங்க அப்பாவுக்கும் அப்படியே, அந்த தளர்வு நாருங்கிறது இதானா?

ஒரே ஒரு சந்தேகம் மட்டும், சில ராத்திரி கால் வலிக்குதுன்னு எழுந்து அழுவா, ரெண்டு கெண்டைக்காலும் பிடிச்சு விட்டா பத்து நிமிஷத்துல தூங்கிடுவா, காலையில ஒண்ணும் தெரியாது. அது இதனாலயா?

கெண்டைக்கால்_பிசியோ:

ஆமா, விரல் அப்படி மடங்குறது தளர்வு நாரோட அடையாளம்தான். ராத்திரி வலி, ரெண்டு காலும், கெண்டையில, பிடிச்சு விட்டா போகுது, காலையில ஓடுறான்னா அது இந்த வயசுல சகஜமா வர்ற வளர்ச்சி வலி மாதிரி இருக்கு. எப்பவும் ஒரே கால், காலையிலயும் வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டல் இதுல ஏதாவது சேர்ந்தா காத்திருக்க வேணாம், உடனே டாக்டர். எப்படியும் அடுத்த தடுப்பூசிக்கு போகும்போது குழந்தை டாக்டர்கிட்ட காலையும் ஒரு தடவை காட்டிடுங்க, கேட்டு முடிச்சா உங்களுக்கும் தூக்கம் வரும். வருஷத்துக்கு ஒருதடவை பிறந்தநாள் அன்னைக்கு ஈரக்கால் தடத்தை ஒரு பேப்பர்ல எடுத்து வைங்க, மாறுறது கண்ணுக்குத் தெரியும்.

தூக்கம்_தொலைச்ச_அம்மா:

பேப்பர் ஐடியா சூப்பர் மேடம். இன்னைக்கே எடுக்கலாம்னு ஆரம்பிச்சது வீட்டுல எல்லாரும் கூடிட்டாங்க. பொண்ணு, அவங்க அப்பா, நான், சின்னவன் காலைக்கூட பிடிச்சு அழுத்தினோம், அவன் பேப்பரை கிழிச்சு வாயில வச்சிக்கிட்டான். கடைசியா பொண்ணு பாட்டியையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. வம்சத்துலயே கிடையாதுன்னு சொன்னாங்கல்ல, அவங்க காலை வச்சு எடுத்தா பேத்தியோடதை பெருசு பண்ண மாதிரி முழுசா ஒரே அச்சு. யாரும் ஒண்ணும் பேசல. அவங்களே குனிஞ்சு ரெண்டு தடத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க, அப்புறம் பேப்பர் ஈரமா இருந்ததால அப்படி விழுந்திருக்கும்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க.